நஞ்சின் சாட்சியும் அதற்கான செலவும்

வாளால் வெட்டுண்டவனின் எலும்பில் வெட்டுத் தழும்பு இருக்கும். துப்பாக்கியால் சுடப்பட்டவனின் உடலில் தோட்டா இருக்கும். ஒரு தலைமுறை கழித்துப் புதைகுழியைத் தோண்டினாலும் அவை பேசும். நச்சு வாயுவால் மடிந்தவனின் நிலை அப்படியன்று. சாரின் எனும் நரம்பு நஞ்சு காற்றில் விரைந்து கலைந்துவிடுகிறது. ஈரத்தில் சிதைந்து வேறு பொருளாகிவிடுகிறது. குளோரின் வாயுவோ எங்கும் பயன்படும் சாதாரணப் பொருள். அது வந்து போன தடத்தைக் காண்பதே அரிது. பாதிக்கப்பட்டவரின் சிறுநீரில் நஞ்சின் எச்சம் சில நாட்களும், குருதியில் சில வாரங்களும் தங்கியிருக்கும். அதற்குள் எவரேனும் வந்து எடுத்தால் அது சான்று. எடுக்காவிட்டால் வெறும் வதந்தி. இக்குற்றத்தைச் செய்தவர்கள் அனைவரும் நம்பியிருந்தது இந்தக் கால இடைவெளியைத்தான்.

ஆகவே, இரசாயன ஆயுதக் குற்றத்தில் சாட்சி தானே வந்து நிற்பதில்லை. அதனைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. விரைந்து செல்ல வேண்டும். தகுதியுடையோர் செல்ல வேண்டும். போர்முனைக்கே செல்ல வேண்டும். இதற்குப் பணம் தேவை. அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், எந்த எதிர்பார்ப்புடன் கொடுத்தார்கள் என்ற கேள்வி வரலாற்று நூல்களில் அதிகம் எழுப்பப்படுவதில்லை. கணக்குப்பிள்ளையின் கேள்வியாக அது ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் ரீஃப் மலைகளிலிருந்து சிரியா வரையிலான நூறாண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, எந்த மக்களின் துயரம் உலகின் ஏடுகளில் பதிவாயிற்று, எவருடையது பதிவாகாமல் போயிற்று என்பதைப் பெரிதும் தீர்மானித்தது இந்தக் கேள்வியே என்பது புலனாகிறது. இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது அதனையே.

விசாரணையின் செலவு

முதலில், இத்தகைய விசாரணை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். வேதியியலார், மருத்துவர், வெடிகுண்டு வல்லுநர் ஆகியோர் கொண்ட குழு ஒன்று நிகழ்விடம் செல்கிறது. மண், இடிபாடு, குண்டின் சிதறல், உடை, மயிர், குருதி, சிறுநீர் ஆகியவற்றின் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் முத்திரையிடப்பட்டு, அது கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவு செய்யப்படுகிறது. பின்னர், வெவ்வேறு நாடுகளிலுள்ள ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அவை அனுப்பப்படுகின்றன. ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றொன்று அறியாது. அந்த ஆய்வகங்களும் ஆண்டுதோறும் தேர்வெழுதித் தம் தகுதியை நிலைநாட்டியவையாக இருத்தல் வேண்டும். இவற்றுடன், உயிர் பிழைத்தோரையும் மருத்துவர்களையும் தனித்தனியே விசாரித்து, அவர்கள் கூற்றை ஆய்வக முடிவுடன் ஒப்பிட வேண்டும்.

இவை அனைத்தும் ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையல்ல. தாக்குதல் நடந்த பின் ஆட்களைத் தேடி, கருவிகளை வாங்கி, ஆய்வகங்களைப் பழக்கப்படுத்த இயலாது. நெருப்புப் பிடித்த பின் கிணறு வெட்டுவதைப் போன்றதாகும் அது. அமைதிக் காலத்திலேயே இவற்றைப் பேணி வைத்திருக்க வேண்டும். அமைதிக் காலத்தில் இதற்குப் பணம் கொடுக்க அரசுகளுக்கு மனம் வருவதில்லை. தாக்குதல் நடந்த பின்போ, பணம் கொடுக்க முன்வரும் அரசு அந்தப் போரில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கிறது.

சாட்சியற்ற காலம்

1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதிலிருந்து இந்த ஆயுதத்தின் பெரும் வரலாறு தொடங்குகிறது. முதல் உலகப்போரின் கொடுமையைக் கண்ட அரசுகள் 1925 ஜூன் 17ஆம் நாள் ஜெனீவா நெறிமுறையில் கையெழுத்திட்டன. நச்சு வாயுவைப் போரில் பயன்படுத்தலாகாது என அது தடை விதித்தது. ஆனால் தடையை மீறியவரை யார் விசாரிப்பது, எந்தச் செலவில் விசாரிப்பது என்பது பற்றி அந்த நெறிமுறையில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் கையெழுத்துகள் இடப்பட்ட நாட்களிலேயே மத்தியதரைக் கடலின் மறுகரையில் ஒரு முஸ்லிம் சமூகம் கடுகு வாயுவைச் சுவாசித்துக்கொண்டிருந்தது. மொராக்கோவின் வடபகுதியான ரீஃப் மலைநாட்டில் அப்துல் கரீம் அல்-கத்தாபியின் தலைமையில் எழுந்த பெர்பர் குடிகள் 1921 ஜூலையில் அன்வால் எனுமிடத்தில் ஸ்பானியப் படைக்குப் பெருந்தோல்வியைத் தந்தனர். அதன் பின்னர், ஹூகோ ஷ்டோல்ட்சன்பெர்க் எனும் ஜெர்மானிய வேதியியலாளரின் உதவியுடன் ஸ்பெயின் கடுகு வாயுவைத் தயாரித்து, சிற்றூர்கள் மீதும் சந்தைகள் மீதும் வானிலிருந்து வீசியது. 1926இல் அப்துல் கரீம் சரணடைந்தார். எந்தச் சர்வதேசக் குழுவும் ரீஃபுக்குச் செல்லவில்லை. ஒரு பிடி மண்ணைக்கூட எவரும் எடுத்து ஆராயவில்லை. இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களைத் துருவி இதனை விரிவாக நூலாக்கியபோது ஆண்டு 1990 ஆகியிருந்தது. வாயுவைச் சுவாசித்த தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணுக்குள் சென்றுவிட்டனர்.

எத்தியோப்பியாவின் கதை இதனினும் வேறுபட்டது. அங்கே சாட்சி இருந்தது. ஆனால் அது பேசவில்லை. 1935இன் இறுதியிலிருந்து 1936 வரை முசோலினியின் விமானங்கள் அந்நாட்டில் கடுகு வாயுவைப் பொழிந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவினர் அனுப்பிய சிட்னி பிரௌன், மார்செல் ஜூனோ ஆகிய இருவரும் அந்த மண்ணில் இருந்தனர். வெந்து கொப்பளித்த உடல்களை ஜூனோ தம் கண்ணால் கண்டார். நாடுகளின் சங்கம் 1936இல் செஞ்சிலுவைக் குழுவிடம் தகவல் கேட்டபோது, நடுநிலைமையைக் காரணங்காட்டி அக்குழு தர மறுத்துவிட்டது. சங்கத்திற்கெனச் சொந்தமாக ஒரு விசாரணைக் குழுவும் இல்லை. பேரரசர் ஹெய்லி செலாசி 1936 ஜூன் 30ஆம் நாள் ஜெனீவாவில் நேரில் தோன்றித் தம் மக்கள் மீது பொழிந்த நச்சு மழையை விவரித்தார். பாதிக்கப்பட்டவனே தன் வழக்கில் தனிச் சாட்சியாக நிற்கவேண்டி வந்த காட்சி அது. சில நாட்களில் சங்கம் இத்தாலியின் மீதான பொருளாதாரத் தடைகளை விலக்கிக்கொள்ள முடிவு செய்தது.

மூன்றாவது நிகழ்ச்சியை எழுத நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். 1960களில் வட யமன் உள்நாட்டுப் போரில் தலையிட்ட எகிப்தியப் படை, இமாமின் ஆதரவாளர்கள் வாழ்ந்த மலைக்கிராமங்களில் நச்சுக் குண்டுகளை வீசியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. கெய்ரோ அதனை மறுத்தது. 1967 மே மாதத்தில் செஞ்சிலுவைக் குழுவின் மருத்துவர்கள் கஹர் எனும் கிராமத்துக்குச் சென்று சடலங்களைப் பரிசோதித்தனர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகச் சட்ட மருத்துவத் துறை அந்தக் கண்டறிதல்களை ஆராய்ந்து, மரணத்திற்கு நச்சு வாயுவே காரணமாகலாம் என்ற முடிவுக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையோ ஒரு குழுவையும் அனுப்பவில்லை. அரபு அரசு ஒன்று அரபு மக்கள் மீது செய்ததாகச் சொல்லப்பட்ட கொடுமையை விசாரிக்க அரபு நாடுகள் ஒன்றுகூடிப் பணம் திரட்டவும் இல்லை. ஜூன் மாதத்தில் இஸ்ரேலுடனான போர் மூண்டது, கஹர் மறக்கப்பட்டது.

நால்வரின் பயணம்

1982 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இரசாயன ஆயுதப் பயன்பாடு பற்றிய புகார்களைத் தகுதியுடைய வல்லுநர்களின் துணையுடன் விசாரிக்குமாறு பொதுச் செயலாளரைக் கேட்டுக்கொண்டது. அதிகாரம் கொடுக்கப்பட்டது, ஆனால் நிரந்தர ஊழியரோ தனி நிதியோ கொடுக்கப்படவில்லை. வல்லுநர்களையும் ஆய்வகங்களையும் உறுப்பு நாடுகளிடமிருந்து கடனாகப் பெறும் ஏற்பாடாகவே அது அமைந்தது.

ஈரான் - ஈராக் போரில் அந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளாயிற்று. ஈராக் நச்சு வாயுவைப் பயன்படுத்துவதாக 1983இல் ஈரான் முறையிட்டது. உலகம் நம்ப மறுத்தது. 1984 மார்ச்சில் ஈரான் தன் காயம்பட்ட வீரர்களை வியன்னா, ஸ்டாக்ஹோம் முதலிய ஐரோப்பிய நகரங்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. சாட்சியைத் தேடி எவரும் வராததால் சாட்சிகளையே விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அதே மாதத்தில் பொதுச் செயலாளர் பெரெஸ் தெ குவெயார் தம் சொந்தப் பொறுப்பில் நான்கு வல்லுநர்களை ஈரானுக்கு அனுப்பினார். ஸ்வீடன், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கு ஒருவராக அமைந்த குழு அது. மார்ச் 13 முதல் 19 வரை அவர்கள் மருத்துவமனைகளையும் போர்க்களத்தையும் பார்வையிட்டனர். மாதிரிகள் ஸ்வீடனிலும் சுவிட்சர்லாந்திலும் ஆராயப்பட்டன. கடுகு வாயுவும் தாபுன் எனும் நரம்பு நஞ்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன என மார்ச் 26ஆம் தேதியிட்ட அறிக்கை உறுதி செய்தது.

நான்கு மனிதர்கள், ஒரு வாரம், இரண்டு ஆய்வகங்கள். அறுபது ஆண்டுகளாக உலகம் செய்யத் தவறியதைச் செய்வதற்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. ஆயினும் 1984 மார்ச் 30ஆம் நாள் பாதுகாப்பு அவை வெளியிட்ட கண்டனத்தில் ஈராக்கின் பெயர் இல்லை. 1985 முதல் 1988 வரை மேலும் குழுக்கள் சென்று வந்தன. 1986 மார்ச் 21ஆம் நாள்தான் பாதுகாப்பு அவைத் தலைவரின் அறிக்கை ஈராக்கியப் படையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அறிக்கைகள் குவிந்தன, தாக்குதல்கள் நிற்கவில்லை. 1987 ஜூன் 28ஆம் நாள் ஈரானின் குர்திய நகரமான ஸர்தஷ்தின் மீது கடுகு வாயுக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் பாதிப்புக்கு உள்ளாயினர்.

1988 மார்ச் 16ஆம் நாள் ஹலப்ஜா நிகழ்ந்தது. ஈராக் தன் சொந்தக் குடிமக்களான குர்துகள் மீது வீசிய நஞ்சில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். மே மாதத்தில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 612ஆம் தீர்மானம் இரு தரப்பையும் பொதுவாக அறிவுறுத்தியதோடு நின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மேலும் பல குர்தியக் கிராமங்கள் தாக்கப்பட்டு, அகதிகள் துருக்கி எல்லையைக் கடந்து ஓடியபோது, பொதுச் செயலாளர் ஒரு குழுவை அனுப்ப விரும்பினார். ஈராக் மறுத்தது, துருக்கியும் மறுத்தது. இரண்டும் முஸ்லிம் நாடுகள் என்பதை இங்கே குறிக்காமல் செல்ல நம்மால் இயலவில்லை.

பின்னர் அந்தச் சாட்சியைத் தேடியவர்கள் அரசுகள் அல்லர். 1992 ஜூனில், மனித உரிமைகளுக்காகப் பணியாற்றும் தனியார் அமைப்புகள், மருத்துவர்களும் தடயவியல் வல்லுநர்களும் அடங்கிய ஒரு குழுவைப் பிர்ஜின்னி எனும் குர்தியக் கிராமத்துக்கு அனுப்பின. 1988 ஆகஸ்டில் குண்டு விழுந்த குழிகளிலிருந்து மண் எடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் அம்மண்ணில் கடுகு வாயுவின் எச்சத்தையும், சாரின் சிதைந்தால் மட்டுமே உண்டாகும் பொருளையும் கண்டது. நான்கு ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்த மண் அப்போதும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணை எடுக்கச் சென்றவர்களின் செலவு பொதுமக்களின் நன்கொடையாலும் அறநிதிகளாலும் நடந்தது. போர் நடந்த ஆண்டுகளில் சவூதி அரேபியாவும் குவைத்தும் ஆயிரக்கணக்கான கோடி டாலரை ஈராக்கிற்குக் கடனாக அளித்தன. மேற்கு நாடுகளின் வணிக நிறுவனங்கள் நஞ்சுக்கான மூலப்பொருட்களை விற்று இலாபம் ஈட்டின. போருக்குக் கிடைத்த பணத்தில் ஒரு துளியும் உண்மையைக் கண்டறியக் கிடைக்கவில்லை.

1984இன் அந்தச் சிறிய அறிக்கை வீணாயிற்று என்று எவரும் எண்ண வேண்டாம். 2005 டிசம்பர் 23ஆம் நாள் ஹேக் நகர நீதிமன்றம், ஈராக்கிற்குக் கடுகு வாயுவின் மூலப்பொருளை விற்ற டச்சு வணிகர் ஃப்ரான்ஸ் வான் அன்ராட்டுக்குப் போர்க்குற்றத்தில் உடந்தையாக இருந்தமைக்காக 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எந்த நஞ்சு, எங்கே, எப்போது வீசப்பட்டது என்பதை நிறுவ 1980களின் ஐக்கிய நாடுகள் அறிக்கைகள் அங்கே பயன்பட்டன. எழுதப்பட்ட காலத்தில் எவரையும் அசைக்காத காகிதம், இருபது ஆண்டுகள் காத்திருந்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. விசாரணைக்கான செலவின் பயனை அந்தந்த ஆண்டின் கணக்கில் தேடுவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

தோற்றவனின் எண்ணெய்

குவைத் போருக்குப் பின் 1991 ஏப்ரலில் பாதுகாப்பு அவையின் 687ஆம் தீர்மானம் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களை அழிக்க ஒரு சிறப்பு ஆணையத்தை ஏற்படுத்தியது. இதற்கான முழுச் செலவையும் ஈராக்கே ஏற்க வேண்டும் என அவ்வாண்டு ஜூனில் 699ஆம் தீர்மானம் கூறியது. குற்றம் செய்தவனே விசாரணைக்கும் பணம் தரட்டும் என்பது கேட்பதற்கு நீதியாகவே ஒலிக்கும். நடைமுறையில், முடக்கப்பட்ட ஈராக்கியச் சொத்துகளிலிருந்தும், பின்னர் 'உணவுக்கு எண்ணெய்' திட்டத்தில் விற்கப்பட்ட எண்ணெயின் வருவாயிலிருந்தும் அப்பணம் எடுக்கப்பட்டது. அத்திட்டத்தில் ஆயுத ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு நூற்றுக்கு 0.8. பொருளாதாரத் தடையால் மருந்தின்றித் தவித்த மக்களின் எண்ணெய் அது. நஞ்சை வீசிய ஆட்சியாளனின் அரண்மனைகள் அதனால் குறையவில்லை.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. சிறப்பு ஆணையத்தின் ஆய்வாளர்களில் பலர் தத்தம் அரசுகளிடமிருந்து இரவல் பெறப்பட்டவர்கள்; அவர்களின் ஊதியத்தை அந்த அரசுகளே கொடுத்து வந்தன. ஊதியம் தருபவனுக்கு ஊழியன் செவிசாய்ப்பான் என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்க உளவுத்துறை இந்த ஆணையத்தைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்ற செய்தி 1999 ஜனவரியில் அமெரிக்க நாளேடுகளிலேயே வெளியாயிற்று. ஆணையம் தன் நம்பகத்தன்மையை இழந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 1284ஆம் தீர்மானத்தின் வழி அதற்குப் பதிலாக வேறோர் ஆணையம் அமைக்கப்பட்டபோது, அதன் பணியாளர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர்களாகவே அமர்த்தப்பட்டனர். ஹான்ஸ் பிளிக்ஸின் தலைமையிலான அந்தக் குழு 2003 தொடக்கத்தில், ஈராக்கில் ஆயுதக் குவியல் எதனையும் காணவில்லை என்று அச்சமின்றி உரைக்க முடிந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். அக்குரலைப் புறக்கணித்துப் போர் தொடுக்கப்பட்டது என்பது வேறொரு வரலாறு.

பொதுக் கருவூலமும் அதன் சோதனைகளும்

1993 ஜனவரியில் பாரிஸில் கையெழுத்தாகி 1997 ஏப்ரல் 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை, இந்தக் கேள்விக்கு முதன்முதலாக ஒழுங்கான விடை கண்டது. ஹேக் நகரில் இரசாயன ஆயுதத் தடை அமைப்பு நிறுவப்பட்டது. உறுப்பு நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையின் அளவுகோலின்படி தத்தம் வசதிக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்துகின்றன. இரண்டு ஆண்டுச் சந்தாவுக்கு நிகரான பாக்கி சேர்ந்தால் வாக்குரிமை போய்விடும். இன்று 193 நாடுகள் இதில் உறுப்பினர். இதன் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 70 முதல் 80 மில்லியன் யூரோ வரை. உலகம் முழுவதற்குமான இந்தக் காவலின் செலவு, நவீனப் போர் விமானம் ஒன்றின் விலையை ஒத்தது.

பொதுக் கருவூலம் என்பதாலேயே அது சோதனைக்கு அப்பாற்பட்டதாகிவிடவில்லை. செலவில் 22 விழுக்காட்டைச் சுமந்த அமெரிக்கா, அமைப்பின் முதல் தலைமை இயக்குநரான பிரேசில் நாட்டு ஜோசே புஸ்தானியை நீக்க வேண்டும் என்று 2002இல் வற்புறுத்தியது. ஈராக்கை உடன்படிக்கையில் சேர்த்து, முறையான ஆய்வுக்கு உட்படுத்த அவர் முயன்று வந்த காலம் அது. ஏப்ரல் 22ஆம் நாள் 48 நாடுகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் வாக்களிக்க, 43 நாடுகள் ஒதுங்கி நிற்க, அவர் பதவி இழந்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயம் 2003 ஜூலையில் அந்த நீக்கம் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. பெரும்பங்கு தருபவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

சிரியாவில் மற்றொரு பாடம் கிடைத்தது. 2013 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஓகே செல்ஸ்ட்ரோம் தலைமையில் ஐக்கிய நாடுகள் குழு திமிஷ்க் நகரை அடைந்தது. மூன்றே நாட்களில், அவர்கள் தங்கியிருந்த விடுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கூட்டா பகுதியில் சாரின் வீசப்பட்டது. 26ஆம் நாள் அங்கே சென்றபோது அவர்களின் வாகனம் சுடப்பட்டது. வேறு வாகனத்தில் ஏறிச் சென்று பணியைத் தொடர்ந்தனர். நான்கு ஐரோப்பிய ஆய்வகங்களில் மாதிரிகள் ஆராயப்பட்டு, செப்டம்பர் 16ஆம் நாள் அறிக்கை வெளியாயிற்று. இவ்வளவு விரைவு சாத்தியமானது, ஹேக் அமைப்பு தன் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களையும் கருவிகளையும் ஏற்கெனவே பேணி வைத்திருந்ததால்தான். 1984இன் நால்வருக்கு வாய்க்காத ஒன்று இது.

எனினும் அக்குழு, சாரின் பயன்பட்டதைச் சொல்லலாமேயன்றி யார் வீசினார் என்று சொல்லலாகாது என்ற வரம்புக்கு உட்பட்டிருந்தது. வீசியவரைக் கண்டறிய 2015இல் அமைக்கப்பட்ட கூட்டு விசாரணைப் பொறிமுறை, 2017 இறுதியில் இரஷ்யாவின் இரத்து அதிகாரத்தால் முடிவுக்கு வந்தது. பின்னர் 2018 ஜூன் 27ஆம் நாள் ஹேக் அமைப்பின் உறுப்பு நாடுகள் 82க்கு 24 என்ற வாக்குகளால் அந்தப் பொறுப்பை அமைப்புக்கே வழங்கின. எதிர்த்து வாக்களித்தவர்களுள் ஈரானும் ஒன்று. உடன்படிக்கையில் இவ்வதிகாரத்துக்கு இடமில்லை என்பது எதிர்த்தோரின் வாதம். 1984இல் காயம்பட்டோரை விமானத்தில் ஏற்றி உலகின் கதவைத் தட்டிய நாடு, சிரியாவின் நட்பைக் கருதி அந்தக் கதவைச் சாத்த முயன்றதை ஸர்தஷ்தின் மக்கள் எவ்வாறு நோக்கியிருப்பர்?

அவ்வாண்டு நவம்பரில் போராட்டம் வரவு செலவுத் திட்டத்துக்கு நகர்ந்தது. புதிய விசாரணைக் குழுவுக்கான தொகையை எதிர்த்து 27 நாடுகள் வாக்களித்தன. 99 நாடுகள் ஆதரித்ததால் திட்டம் நிறைவேறியது. ஒரு விசாரணையை வெளிப்படையாகத் தடுக்க இயலாதபோது அதன் பணப்பையைச் சுருக்கிவிட முயல்வது அரசுகளின் வழக்கம் என்பதை இது காட்டுகிறது. நிறைவேறிய அந்தத் தொகையால் நடந்த விசாரணையே, 2018 ஏப்ரல் 7ஆம் நாள் தூமா நகரில் 43 பேரைக் கொன்ற குளோரின் உருளைகளைச் சிரிய விமானப்படையே வீசியது எனக் கருத நியாயமான ஆதாரம் உண்டென 2023 ஜனவரியில் அறிவித்தது. அதே குழு 2024 பிப்ரவரியில், 2015இல் மாரிஆ நகரின் மீது கடுகு வாயுவை வீசியது 'இஸ்லாமிய அரசு' எனத் தன்னை அழைத்துக்கொண்ட கும்பல் என்றும் அறிவித்தது. ஒரே கருவூலத்தில் ஊதியம் பெற்றவர்கள் இரு எதிரெதிர்த் தரப்புகளையும் குற்றவாளிகளாகக் கண்டனர். நடுநிலைமைக்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

சிரியக் குற்றங்களின் சான்றுகளைத் திரட்ட 2016 டிசம்பரில் பொதுச்சபை அமைத்த தனிப் பொறிமுறையின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. லீக்டன்ஸ்டைன், கத்தர் என்ற இரு சிறு நாடுகள் அதற்கு முன்னின்று உழைத்தன. தொடக்கத்தில் அது விருப்ப நன்கொடையில் இயங்கியது. கொடுத்தவர் பக்கம் சாயும் அமைப்பு என்று எதிரிகள் ஏசினர். 2020 முதல் அதன் செலவு ஐக்கிய நாடுகள் சபையின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. எதிர்த்த நாடுகளும் தம் சந்தாவின் வழியே அதற்குப் பங்களிக்க வேண்டியதாயிற்று.

காழியின் ஊதியம்

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூபக்ர் அல்-கஸ்ஸாஃப் முதலாக, நீதிபதியின் ஒழுக்கங்களைப் பற்றி எழுதிய சட்ட அறிஞர்கள், காழியின் வாழ்க்கைச் செலவு எங்கிருந்து வரவேண்டும் என்பதை விரிவாக ஆராய்ந்தனர். வழக்காடுவோரிடம் அவர் அன்பளிப்புப் பெறலாகாது. பைத்துல்மால் எனும் பொதுக் கருவூலத்திலிருந்தே அவருக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் பேணிய நெறி. காழி கைநீட்டுவார் என்ற அவநம்பிக்கை மட்டும் இதற்குக் காரணமன்று. அவர் நேர்மையாளராகவே இருந்தாலும், தோற்றவன் தீர்ப்பை நம்ப வேண்டுமே என்ற கவலையும் அதில் உண்டு.

ரீஃபில் கருவூலமே இல்லை. ஆகையால் சாட்சியும் இல்லை. எத்தியோப்பியாவில் சாட்சி வேறொருவரின் ஊழியராக இருந்தார். ஆகையால் வாய் திறக்கவில்லை. பிர்ஜின்னியில் தருமம் சாட்சியைத் தேடிச் சென்றது. நான்கு ஆண்டுகள் தாமதமாகச் சென்றது. ஈராக்கில் இரவல் ஆட்கள் வந்தனர். அவர்களின் சொல் மதிப்பிழந்தது. எல்லாரும் கொடுக்கும் பணத்தில் நடந்த விசாரணையே இரு தரப்பையும் நோக்கிச் சுட்டுவிரல் நீட்ட முடிந்தது. நூறாண்டு அனுபவம் நமக்கு உணர்த்துவது இதுவே.

2024 டிசம்பர் 8ஆம் நாள் பஷ்ஷார் அல்-அஸதின் ஆட்சி வீழ்ந்தது. 2025 பிப்ரவரியில் ஹேக் அமைப்பின் தலைமை இயக்குநர் திமிஷ்க் சென்று புதிய ஆட்சியாளர்களைச் சந்தித்தார். சிரியாவில் ஆய்வு செய்யப்பட வேண்டிய இடங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை என அவ்வமைப்பு மதிப்பிட்டது. கதவு திறந்துவிட்டது, மண்ணும் ஆவணங்களும் மனித நினைவும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. இந்நூற்றாண்டின் நச்சு ஆயுதங்களால் மிகுதியும் மடிந்தவர்கள் முஸ்லிம்கள்; அவற்றை வீசியவர்களிலும் முஸ்லிம் பெயர் தாங்கியோர் இருந்தனர். அப்படியிருக்க, விசாரணையின் செலவை மேற்கு நாடுகளின் பணப்பையிலேயே விட்டுவைத்து, பின்னர் அதன் நடுநிலைமையைக் குறைகூறுவது நமக்கு அழகன்று. எகிப்து இன்றளவும் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இஸ்ரேல் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. எண்ணெய் வளம் கொழிக்கும் நாடுகள், தம் சந்தாவுக்கு மேலாக ஒரு நிரந்தர நிதியத்தை, எந்தப் புகாரைக் குறித்தும் நிபந்தனை விதிக்காமல் பொதுக் கருவூலத்தில் சேர்த்தால் அது பெரும் சேவையாக அமையும்.

ஹலப்ஜாவிலும் ஸர்தஷ்திலும் அன்று சுவாசித்த நஞ்சால் நுரையீரல் சுருங்கியவர்கள் இன்னமும் இருமியவாறே உயிர் வாழ்கின்றனர். அவர்களின் இருமலுக்கு ஒரு பெயர் கிடைத்தது, எவரோ சிலர் உரிய காலத்தில் சென்று கண்டு எழுதியதால்தான். ரீஃபின் மலைகளில் இருமி மடிந்தவர்களுக்கு அந்தப் பெயரும் கிடைக்கவில்லை.